குலெட் படகில் லீசியக் கரையோரம்: ஃபெத்தியேயிலிருந்து தெம்ரே வரை

துருக்கியின் தென்மேற்குக் கரையை முற்காலத்தில் லீசியா என்றார்கள். அங்குள்ள ஃபெத்தியேயில் ஏறி, கிழக்கே தெம்ரேயில் இறங்கும் குலெட் படகுப் பயணம் பெரும்பாலும் மூன்று இரவு, நான்கு பகல் என்ற கணக்கில் விற்கப்படுகிறது. குலெட் என்பது இரண்டு பாய்மரங்களும் உருண்டு அகன்ற பின்புறமும் கொண்ட மரப்படகு. கடற்பஞ்சு எடுக்கவும் சரக்கு ஏற்றவும் அந்தக் கரையோர மக்கள் ஓட்டிவந்த படகுகளின் வழியில் வந்தது. இப்போது போத்ரும், போஸ்புருன் போன்ற ஊர்களில் பயணிகளுக்காகவே கட்டப்படுகிறது. முழுப் படகையும் வாடகைக்கு எடுக்கத்தான் வேண்டும் என்பதில்லை. ஓர் அறையை மட்டும் பதிவு செய்துகொண்டு, முன்பின் அறியாத சிலரோடு சேர்ந்து போகலாம். என் அக்காவும் நானும் ஒரு செப்டம்பரில் அப்படித்தான் போனோம்.

இந்தப் பயணத்தைப் பற்றி விசாரிப்பவர்கள் முதலில் செலவையும் பிறகு இடங்களையும் கேட்கிறார்கள். நான் காற்றிலிருந்துதான் தொடங்குகிறேன். எந்த மாதத்தில் போவது, எந்தத் திசையில் போவது, எந்த விரிகுடாவில் இரவு தங்குவது, எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது என்பதெல்லாம் அந்தக் கரையில் காற்று வீசும் முறையைப் பொறுத்தே அமைகின்றன. அச்சிட்டுத் தரும் பயணத்திட்டத்தில் இது இருப்பதில்லை.

கோடை மாதங்களில் அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும். காலையில் கடல் அசைவின்றிக் கிடக்கும். நண்பகலை ஒட்டிக் காற்று கிளம்பும். பிற்பகலில் வலுத்து, பொழுது சாயும்போது தணியும். ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே, அதாவது ஃபெத்தியேயிலிருந்து தெம்ரேக்குப் போகும் படகுக்குக் காற்றும் அலையும் பின்னாலிருந்து வருகின்றன. எதிர்த்திசையில் போகும் படகு அதே அலையை முகத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டு திசைகளிலும் பயணங்கள் விற்கப்படுகின்றன. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறு கட்டாயம் இல்லாதவர்கள் கிழக்கு நோக்கிப் போகும் பயணத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். கடல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் இந்த ஒரு தேர்வே பாதி நிம்மதியைத் தந்துவிடும்.

அந்தப் பாதையில் கடினமான பகுதி, ஒலுதெனிஸ் கடற்கரையைத் தாண்டியதும் தொடங்கும் ஏழு முனைகள். துருக்கியர் அதை யெதி புருன் என்கிறார்கள். மலைகள் செங்குத்தாகக் கடலில் இறங்கும் இந்தப் பகுதியில் ஒதுங்கி நிற்க நல்ல இடம் கிடையாது. பிற்பகல் காற்றில் பாறையில் மோதித் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் ஒன்றோடொன்று குழம்பும். எனவே படகோட்டிகள் காற்று எழுவதற்கு முன்பே அதைக் கடந்துவிடப் பார்க்கிறார்கள். எங்கள் படகு நன்றாக இருட்டியிருக்கும்போதே நங்கூரத்தை எடுத்தது. அணியத்து (படகின் முன்பக்கத்து) அறைகளில் படுத்திருந்தவர்களுக்குச் சங்கிலி ஏறும் ஓசை தலைமாட்டிலேயே கேட்டிருக்கும். முந்தைய இரவே கப்பித்தான் எல்லோரையும் அழைத்து, கண்ணாடிப் பொருள்களைத் தரையில் வைக்கும்படியும், அறையின் சிறு சன்னல்களைத் திருகி மூடும்படியும் சொல்லியிருந்தார். சன்னலை மூடாத பக்கத்து அறைக்காரரின் மெத்தை காலையில் மேல்தளத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

கடல் ஒவ்வாமைக்கான மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுக்கொள்வதில் பயன் இல்லை. மருத்துவரைக் கேட்டு வாங்கிவைத்துக்கொண்டு, படகு கிளம்புவதற்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை தூக்கத்தை வரவழைப்பவை என்பதால், போட்டுக்கொண்ட பிறகு நீந்த இறங்கக் கூடாது. அறைக்குள் படுத்திருப்பதைவிட மேல்தளத்தின் நடுப்பகுதியிலோ பின்பகுதியிலோ உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. அக்கா அப்படித்தான் இருந்தார். வெறும் ரொட்டித் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டு, ஏழாவது முனை கடந்ததும் தேநீர் கேட்டார்.

பாய் விரிப்பதைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். குலெட்டுகளில் மிகப் பல, பயண நேரத்தின் பெரும்பகுதியை எஞ்சினில்தான் ஓட்டுகின்றன. கனத்த படகு, குட்டையான பாய்கள், குறைந்த ஆட்கள், மாலைக்குள் அடுத்த விரிகுடாவை எட்ட வேண்டிய நெருக்கடி என்று அதற்குப் பல காரணங்கள். காற்றை எதிர்த்து இந்தப் படகுகள் பாயில் ஏறிச் செல்வதும் இல்லை. பாயில் ஓடும் அனுபவத்துக்காகவே பணம் கட்டுகிறவர், பதிவு செய்யும் முன் நேரடியாகக் கேட்டுவிட வேண்டும்: பாய்கள் உறையில் கட்டியே கிடக்கின்றனவா, ஒவ்வொரு பயணத்திலும் விரிக்கிறீர்களா, விரிக்கும்போது எஞ்சினை நிறுத்துகிறீர்களா? மூன்றாவது கேள்வி முக்கியமானது. பாயை விரித்துப் படம் எடுக்கவிட்டு, எஞ்சினை அணைக்காமலே ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எங்களுக்கு அந்த வாய்ப்பு காஷ் நகரைத் தாண்டிய பிற்பகலில் வாய்த்தது. காற்று சரியாகப் பின்னாலிருந்து வந்தது. கப்பித்தான் உறையை அவிழ்க்கச் சொன்னதும், கயிற்றை இழுக்கப் பயணிகளில் நான்கு பேர் போய் நின்றார்கள். நனைந்து உலர்ந்து உப்புப் படிந்த அந்தக் கயிறு, பழகாத உள்ளங்கையைச் சில நொடிகளில் சிவக்க வைத்துவிடுகிறது. முன்பாய் இரண்டும் பிறகு பெரிய பாயும் ஏறி விம்மியதும் எஞ்சின் நின்றது. அதுவரை காலடியில் அதிர்ந்துகொண்டிருந்த பலகை அடங்கி, பாய்மரத்தின் அடியில் மரத்தோடு மரம் உரசும் முனகலும், பக்கவாட்டில் நீர் பிளந்து ஓடும் சத்தமும் மட்டும் கேட்டன. படகின் வேகம் நடைவேகத்தைவிடச் சற்று அதிகமாக இருந்தால் உண்டு. அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்காக இன்னொரு முறையும் இதே பயணத்தைப் போவேன்.

பாயில் ஓடிய அந்த வழியில்தான் உலுபுருன் முனை இருக்கிறது. 1982இல் மெஹ்மெத் சாக்கிர் என்ற கடற்பஞ்சு மூழ்காளர், காதுகள் வைத்த பிஸ்கட் போன்ற உலோகத் துண்டுகளைக் கடலடியில் பார்த்ததாகச் சொன்னார். அவை செப்புப் பாளங்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி மூழ்கிய வணிகக் கப்பல் ஒன்று அங்கே கிடந்தது. தொல்லியலாளர்கள் ஜார்ஜ் பாஸ், ஜெமால் புலாக் ஆகியோர் தலைமையில் 1984 முதல் 1994 வரை, 40 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 22,000க்கும் மேற்பட்ட முறை மூழ்கி அதை அகழ்ந்தெடுத்தார்கள். சுமார் 10 டன் செம்பு, ஏறத்தாழ ஒரு டன் வெள்ளீயம், நீலக் கண்ணாடிக் கட்டிகள், யானைத் தந்தம், கருமரம், பிசின் நிரப்பிய சாடிகள் ஆகியவை அதில் இருந்தன. இப்போது போத்ரும் கோட்டை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. அந்தக் கப்பலின் நீளம் 15 மீட்டர் அளவுதான்; நாங்கள் வந்த குலெட்டைவிடச் சிறியது. அது கிழக்கிலிருந்து மேற்கே போய்க்கொண்டிருந்தது என்பதே ஆய்வாளர்களின் கருத்து. அதாவது, எதிர்க்காற்றில் இந்தக் கரையை ஒட்டி, காற்று ஓயும் பொழுதுக்காகக் காத்துக் காத்துத்தான் முன்னேறியிருக்க வேண்டும். கப்பித்தான் அந்த முனையைக் கையால் சுட்டிக் காட்டினாரே தவிர, விளக்கம் எதுவும் சொல்லவில்லை. படகுப் பணியாளர்களிடம் வரலாற்று விளக்கத்தை எதிர்பார்க்க முடியாது. கடந்து போகும் இடங்களைப் பற்றி முன்கூட்டியே படித்துக்கொண்டு போகிறவருக்கே இந்தக் கரை முழுதாகக் கிடைக்கிறது.

முதல் நாளின் நிறுத்தங்களில் எனக்குப் பிடித்தது கெமிலெர் தீவு. கரையோரத்திலிருந்து உச்சி வரை பைசாந்தியக் காலத்து தேவாலயங்களின் இடிபாடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அவற்றில் இரண்டை இணைக்கும் கூரையிட்ட ஊர்வலப் பாதையின் சுவர்களும் வளைவுகளும் இன்றும் இருக்கின்றன. மாலை வெயில் தணிந்ததும் சிறுபடகில் கொண்டுபோய் விடுவார்கள். நுழைவுக் கட்டணம் தனி. செருப்போடு ஏறுவது ஆகாது, பிடிமானமுள்ள காலணி வேண்டும். திட்டத்தில் இருந்த பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்கில் எங்களை இறக்கவில்லை. மேற்கே திறந்திருக்கும் அந்த விரிகுடாவில் அலை எழுந்தால் நங்கூரம் பாய்ச்சி நிற்பது கடினம். கட்டணம் கட்டியிருக்கிறோமே என்று சிலர் குறைப்பட்டார்கள். கப்பித்தான் ஓர் இடத்தை விட்டுவிட்டுப் போகிறேன் என்றால், அதற்காக வாதாடாமல் இருப்பதே சரி என்பது என் எண்ணம். கரையோரக் கடலில் பாறை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

படாரா கடலோரத்தைத் தொலைவிலிருந்து பார்த்தால் வெறும் மணல்மேடுதான் தெரியும். மணல் தூர்ந்து துறைமுகத்தை இழந்த பெருநகரம் அந்த மேடுகளுக்குப் பின்னால் கிடக்கிறது. லீசிய நகரங்கள் 23 சேர்ந்து நடத்திய கூட்டமைப்பின் பேரவை அங்கே கூடியது. பெரிய நகரத்துக்கு மூன்று வாக்கு, நடுத்தர நகரத்துக்கு இரண்டு, சிறியதற்கு ஒன்று என்ற முறை அவர்களிடம் இருந்தது.

பயணத்தின் உச்சம் கெகோவாதான். நீண்ட தீவு ஒன்று கரைக்கு இணையாகக் கிடந்து கடலைத் தடுப்பதால், உள்ளே நீர் ஏரியாக அடங்கியிருக்கிறது. அந்தத் தீவின் வடகரையில், கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நிலநடுக்கங்களில் ஒரு பகுதி கடலுக்குள் இறங்கிப்போன ஊர் இருக்கிறது. பாறையில் வெட்டிய படிக்கட்டுகள் மலைச்சரிவிலிருந்து இறங்கி நேராக நீருக்குள் போகின்றன. சுவர்களில் உத்தரம் செருகிய சதுரத் துளைகள் நீர்மட்டத்துக்கு ஓரடி மேலே வரிசையாகத் தெரிகின்றன. இங்கே நீந்தவும் மூழ்கவும் தடை உண்டு. மெதுவாகக் கடந்து போகும் படகிலிருந்து பார்ப்பதோடு சரி. காலை வெயில் ஏறியபின், நிழல் விழாத பக்கத்தில் நின்றால் நன்றாகத் தெரியும். கண்கூச்சத்தைத் தடுக்கும் போலரைஸ்டு கண்ணாடி இருந்தால் அடித்தளத்தின் கற்கள் வரை எண்ணலாம்.

இவ்வளவு தெளிவு எப்படி என்று வியக்காதவர் படகில் இல்லை. கிழக்கு மத்தியதரைக் கடலில் ஊட்டச்சத்து குறைவு, ஆகவே மிதவை நுண்ணுயிர்களும் குறைவு. அதனால்தான் நீர் அந்த அளவுக்குத் துலக்கமாக இருக்கிறது. ஜிப்ரால்டர் என்ற குறுகிய வாயில் வழியாகவே பெருங்கடலோடு இணைந்திருப்பதால் ஓத ஏற்றஇறக்கமும் மிகக் குறைவு, பல இடங்களில் ஓரடி அளவே. படிக்கட்டு எந்நேரமும் ஏறக்குறைய ஒரே படியில் நீரைத் தொடுகிறது. முன்னால் நங்கூரத்தைப் போட்டு, பின்புறத்தைக் கரையோரப் பாறையோடோ பைன் மரத்தோடோ கயிற்றால் கட்டி, இரவு முழுதும் அச்சமின்றிப் படகை நிறுத்த முடிவதும் அதனால்தான். மாலைதோறும் பணியாளர் இளைஞர் கயிற்று நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு கரைக்கு நீந்திப் போவதைப் பார்த்தோம். அந்த வேளையில் படகின் பின்னால் யாரும் தண்ணீரில் இருக்கக் கூடாது.

எதிர்க்கரையில் கலேகோய் என்ற சிற்றூர் இருக்கிறது. பழைய பெயர் சிமேனா. கார் போகும் சாலை கிடையாது, படகிலோ கால்நடையாகவோதான் போக வேண்டும். நீரின் நடுவே தனியாக நிற்கிறது ஒரு லீசியக் கல்லறை. கவிழ்த்து வைத்த தோணியைப் போன்ற கல்மூடி. கோட்டைக்கு ஏறும் படிகள் வீடுகளின் முற்றங்கள் வழியாகவே செல்கின்றன. உச்சியில், ஏறத்தாழ முந்நூறு பேர் அமரக்கூடிய சிறிய அரங்கம், முழுவதும் பாறையைக் குடைந்து செய்தது. அங்கே நின்று பார்த்தால் தீவும் விரிகுடாவும் படகுகளும் ஒரே பார்வையில் அடங்கும். நடுப்பகலில் ஏற வேண்டாம். காலை உணவுக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின் ஏறுவதற்குக் கப்பித்தானிடம் முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

அக்காவுக்கு நீச்சல் தெரியாது. அதனால் அவர் முதலில் தயங்கியதும், கிளம்பிய பிறகும் தண்ணீர்ப் பக்கம் போகாமல் இருந்ததும் இயல்புதான். கெகோவாவுக்கு அப்பால் உள்ள கோக்காயா விரிகுடாவில் நீர் சற்றும் அசையவில்லை. உயிர்காப்பு உடையைக் கட்டிவிட்டேன்.

“அடி தெரியுதேடி, ஆழம் இருக்காதோ?” என்று ஏணியில் நின்றபடி கேட்டார்.

“நாலு ஆள் ஆழம் இருக்கும்க்கா. தண்ணி அவ்வளவு தெளிவு. ஏணியைப் பிடிச்சுக்கிட்டே காலை மட்டும் தூக்குங்க, அதுவே மிதக்க வைக்கும்.”

அந்தக் கடலில் உப்பு ஆயிரத்துக்கு 39 பங்கு அளவில் இருக்கிறது. வங்கக் கடலைவிட அதிகம். மிதப்பது சற்று எளிது. அரை மணி கழித்து அவரை மேலே வரச் சொல்லி அழைக்க வேண்டியதாயிற்று. நீந்தத் தெரியாதவர்கள் தங்கள் அளவுக்குச் சரியான உயிர்காப்பு உடை படகில் இருக்கிறதா என்பதை ஏறிய உடனே பார்த்துவிட வேண்டும். எங்கள் படகில் இருந்தவற்றில் பாதி, பெரிய உடல்வாகு கொண்டவர்களுக்கானவை. ரப்பர் அடி கொண்ட நீர்க்காலணி அவசியம் வேண்டும். கரையோரப் பாறைகளில் கடல் முள்ளெலிகள் கருமையாக ஒட்டிக்கொண்டிருக்கும். மிதித்தால் முள் உடைந்து உள்ளேயே தங்கிவிடும்.

அறைகளைப் பற்றிச் சில. குளிர்சாதனம் இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும், அது ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் மட்டுமே வேலை செய்யும். இரவில் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் அறைக்குள் தூங்குவது பெரும்பாடு. எல்லோரும் மேல்தளத்து மெத்தைகளில்தான் படுப்பார்கள். விடியும் முன் பனி இறங்கிப் போர்வை ஈரமாகும் என்பதால் மெல்லிய காற்றுச்சட்டை ஒன்று கைவசம் வேண்டும். செப்டம்பர் இரண்டாம் பாதியிலிருந்து வெயில் தணிந்துவிடும், கடல்நீர் மட்டும் வெதுவெதுப்பாகவே இருக்கும். என் பரிந்துரை அந்த நாள்களே. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை வைக்க அறையில் இடமில்லை. துணிப்பை கொண்டுபோக வேண்டும். படகில் ஏறியதும் எல்லோருடைய காலணிகளும் ஒரு கூடைக்குள் போய்விடுகின்றன, தளத்தில் வெறுங்கால்தான். கழிவறையில் காகிதத்தைக் குழிக்குள் போடக் கூடாது, பக்கத்துத் தொட்டியில்தான் போட வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் அந்த அறைக்காரருக்குத்தான் துன்பம். நன்னீர் தொட்டியில் உள்ளதுதான். கடலில் மூழ்கி எழுந்தபின் பின்புறத்துக் குழாயில் ஒரு நிமிடம் உடலைக் கழுவிக்கொள்வது எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழக்கம்.

சைவ உணவுக்காரர்களுக்கு இந்தப் படகுகளில் கவலை வேண்டாம், ஆனால் பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். ஆலிவ் எண்ணெயில் சமைத்த கத்தரிக்காய், பீன்ஸ், சிவப்புப் பருப்பு சூப், சோறு, வெள்ளரி கலந்த தயிர், வெள்ளைப் பாலாடைக்கட்டி, தக்காளி, ரொட்டி என்று நாளும் கிடைத்தது. சூப்பில் இறைச்சிச் சாறு சேர்ப்பதுண்டா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். விரிகுடாக்களில் சிறு படகில் அடுப்போடு வந்து, மெல்லிய மாவுத் தகட்டில் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்டுத் தரும் பெண்களிடம் கோஸ்லெமே வாங்கிச் சாப்பிடாமல் திரும்பக் கூடாது. மதிய உணவின்போது குளவிகள் மொய்த்தன. சமையற்காரர் தகர மூடி ஒன்றில் காப்பித்தூளைக் குவித்துப் பற்றவைத்து மேசை நடுவில் வைத்தார். கரும்புகை எழுந்த சற்று நேரத்தில் அவை விலகிப் போயின. அக்கா அதை ஊரில் வேப்பம்பூக் காலத்தில் செய்துபார்க்கப் போவதாகச் சொன்னார்.

உணவு கட்டணத்தில் அடங்கும். தண்ணீர் உட்படக் குடிப்பவை பெரும்பாலும் அடங்கா. குளிர்பெட்டியிலிருந்து எடுக்கும் ஒவ்வொன்றும் அறை எண்ணுக்கு நேரே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடாக விழும். கடைசி நாள் காலையில் அந்தக் கணக்கைத் தீர்க்க ரொக்கம் வேண்டும். பணியாளர்களுக்குப் பொதுவாகத் தரும் அன்பளிப்புக்கும் அப்படியே. இடையில் காஷ் நகரில் கரை இறங்கும்போதுதான் பணம் எடுக்கும் இயந்திரங்களைக் காணலாம். அங்கே கடலைப் பார்த்தபடி இருக்கும் பழைய அரங்கத்துக்கும் நடந்து போய்வர நேரம் இருக்கும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்குத் துருக்கியின் மின்விசா, ஷெங்கன், அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால் மட்டுமே கிடைக்கும். இல்லாதவர்கள் தூதரக வழியாக விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் மாறுவன, அரசுத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஃபெத்தியேக்குத் தலமான் விமான நிலையம் அருகில். முடிவில் தெம்ரேயிலிருந்து அந்தால்யா விமான நிலையம் போகச் சாலையில் மூன்று மணி நேரம் பிடிக்கலாம். போகும் டிக்கெட்டையும் வரும் டிக்கெட்டையும் இந்த இரு ஊர்களுக்கும் பிரித்து எடுப்பது நலம்.

இறங்கும் நாளிலேயே விமானம் ஏறாமல், தெம்ரேயில் ஒரு முழுப் பகலாவது இருங்கள். புனித நிக்கோலஸ் தேவாலயமும், தெம்ரேயின் பழைய நகரமான மைராவின் பாறைக் கல்லறைகளும் எல்லோருக்கும் தெரிந்தவை. நான் கூடுதலாகச் சொல்வது அந்திரியாகே. இதுவே மைராவின் துறைமுகம். ரோமுக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட கிறிஸ்தவத் திருத்தூதர் பவுலை, இத்தாலிக்குப் போகும் அலெக்சாந்திரியக் கப்பலுக்கு மாற்றி ஏற்றியது இந்த மைராவில்தான். எகிப்திலிருந்து தானியம் ஏற்றிய கப்பல்கள் எதிர்க்காற்றால் நேரே மேற்கே போக முடியாமல், வடக்கே இந்தக் கரைக்கு வந்து பிறகு மேற்கே திரும்பின. பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் கட்டிய தானியக் களஞ்சியம் அங்கே கூரை வேய்ந்து லீசிய நாகரிக அருங்காட்சியகமாக ஆக்கப்பட்டிருக்கிறது. படகுத்துறையிலிருந்து அது மிக அருகில்தான். மூட்டையை வாடகைக் காரில் வைத்துவிட்டு, அந்தால்யா போகும் வழியில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் நிதானமாகப் பார்த்துவிடலாம்.